மிஷின் ஓய்ந்த நேரம்

ஒரு வருசம் மழையே இல்லாமல் போய், மறு வருசம் அந்தக் கடனையும் சேர்த்துப் பெய்து, கண்மாய் நிறைந்து, நிறைந்த தண்ணீரில் ஊரே குனிந்து முகம் பார்த்துக்கொண்ட மாசி மாசத்தில், என் தையல் கடை ஆணிகளில் தொங்கிய அளவு ஜாக்கெட்டுகள் பேச ஆரம்பித்தன. முதலில் பேசியது தலைமையாசிரியர் சம்சாரம் தமயந்தியின் ஜாக்கெட். மயில்கழுத்து நிறம், கைக்கு பார்டர் வைத்தது. அது பேசினதும் நான் பயப்படவில்லை. பக்கத்தில் என் மகள் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். பயந்து எழுந்தால் நாற்காலி கிறீச்சிடும், நாற்காலி கிறீச்சிட்டால் பிள்ளை முழித்துக்கொள்ளும், பிள்ளை முழித்துக்கொண்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். அதனால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, அது சொல்வதைக் கேட்டேன்.

எங்கள் நல்லான்பட்டியில் எந்தப் பொம்பளையும் டேப் வைத்து அளவெடுக்க நிற்கமாட்டாள். டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்வாள். எக்கின வயிற்றுக்குத் தைத்த ஜாக்கெட், மூச்சு விட்ட வயிற்றுக்கு எப்படிச் சேரும்? அதனால் தனக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, இதே மாதிரி, கை மட்டும் அரை இஞ்சு கூட என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள். நான் கொண்டுவந்தவள் பேரை ஒரு சீட்டில் எழுதி, கழுத்தோரம் குண்டூசி குத்தி, சுவரில் மாட்டிவிடுவேன். நாற்பது ஆணி, நாற்பது ஜாக்கெட். என்னுடையது மட்டும் அந்தச் சுவரில் கிடையாது. ஊருக்கே தைக்கிறவளுக்கு அளவு எதற்கு, என் அளவு என் கைக்குத் தெரியும் என்று சொல்லிச் சிரிப்பேன். நான் எதற்குமே சிரிப்பேன். ஊரில் யாரைக் கேட்டாலும், மாரிக்கனியா, அந்தச் சிரிச்ச மூஞ்சிக்காரிதானே என்பார்கள். யாழினி பிறந்த மூன்றாம் மாசம், டவுன் ஜவுளிக்கடைக்காக ஒரே மாசத்தில் எழுபது உள்பாவாடை தைத்துக் கொடுத்தேன். என் மாமியார் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லுவாள், கேட்கிறவர்களெல்லாம் அடேயப்பா என்பார்கள், நானும் சிரித்துக்கொண்டே காப்பி ஆற்றுவேன்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மிஷினை நிறுத்துவது யாழினிக்காகத்தான். மூன்று வயசுப் பிள்ளை, மிஷின் சத்தத்தில் தூங்காது. ரெண்டிலிருந்து நாலு மணி வரைக்கும் ஹூக் கட்டுவது, ஓரம் அடிப்பது என்று சத்தமில்லாத வேலை. அந்த நேரத்தில்தான் ஜாக்கெட்டுகள் பேசின. எல்லாவற்றுக்கும் ஒரே குரல், கத்தரி புதுத் துணிக்குள் போகிற மாதிரி ஒரு குரல். எது யாருடையது என்று சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமயந்தியின் ஜாக்கெட் சொன்னது இவ்வளவுதான்: "நான் ஸ்கூட்டி ஓட்டணும். அவர் பின்னாடி உக்காரணும்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எதையும் பார்த்தால் உடனே சரிபண்ணிவிட வேண்டும் எனக்கு; லூசாக இருந்தால் பிடிப்பேன், இறுக்கமாக இருந்தால் விடுவேன். அன்று சாயங்காலமே தலைமையாசிரியரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவரும் நல்ல மனுசர், அடுத்த வாரமே ரோஸ் நிறத்தில் ஒரு ஸ்கூட்டி வாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தும்விட்டார். தமயந்தி வண்டியைத் தொடவில்லை. நேராக என் கடைக்கு வந்தாள். அதைத் தன் வாயால் சொல்லப் பன்னிரண்டு வருசமாக வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தாளாம், நான் ஒரே நாளில் அவிழ்த்துப் போட்டுவிட்டேனாம். ரெண்டு மாசம் என்னோடு பேசவில்லை. ஸ்கூட்டி மேல் கோழி அடைந்தது. நல்லதைத்தானே செய்தேன், அது ஏன் நல்லதாக முடியவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.

விசயம் ஊருக்குத் தெரிந்ததும், ஒரே காலையில் நாற்பது பேரும் வந்து நாற்பது ஜாக்கெட்டையும் உருவிக்கொண்டு போனார்கள். வெறும் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். ஆனால் பங்குனிப் பொங்கல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது, அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் புதுச் சேலை எடுத்தாகிவிட்டது, எட்டு மைலுக்கு வேறு தையல்காரி கிடையாது. நாலாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு ஒருத்தி வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். ஊர்க் கூட்டம் போட்டு, ஜாக்கெட்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தால் பேசாது என்று முடிவு செய்தார்கள். உப்புத் தண்ணீரில் ஊறினவை ஒரு தடவை தும்மிவிட்டுப் பேசின. சில பேர் துணிந்து டேப்புக்கு நின்று பார்த்தார்கள். எக்கின வயிற்றோடு தைத்த ஜாக்கெட்டின் ஹூக் கொடையன்றைக்குக் கும்மியில் தெறித்துப் போய், பூசாரி நெற்றியில் பட்டது. அப்புறம் ஆம்பிளைகள் ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எங்கள் தெருவில் நடக்கக்கூடாது என்று தீர்மானமாகி, அவர்கள் கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்படிச் சுற்றி நடந்ததில் ரெண்டு பேருக்குச் சர்க்கரை குறைந்தது, அதையும் அம்மன் புண்ணியத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மருமகள் ஜாக்கெட்டை மடியில் மறைத்துக் கொண்டுவந்து, இது என்ன பேசுது என்று கேளு என்ற மாமியார்கள் உண்டு. அந்த ஜாக்கெட்டுகள் மாமியார் எதிரில் வாயே திறக்காது. ரெண்டு மாசம் போனதும், ஜாக்கெட் பேசுவது என்பது கோழி கூவுவது மாதிரி, மினி பஸ் லேட்டாக வருவது மாதிரி, ஊரில் நடக்கிற ஒரு சங்கதியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் அய்யனார் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறவர், இன்னும் இருபது ஆணி அடித்துக் கொடுத்தார். துணி பேசினால் கேட்கிறவள் புருசன் பேசினால் கேட்பதில்லை என்று ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டே அடித்தார்.

ரிட்டையரான போஸ்ட் மாஸ்டர் ஒருத்தர், கண்மாய் வழியாகப் போகாமல், நேராக என் கடைக்கு வந்தார். செத்துப்போன தன் மனைவியின் ஜாக்கெட்டைக் கொடுத்து, இதே அளவில் ஒன்று தைக்கவேண்டும் என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பதினோரு நாள் வந்து உட்கார்ந்தார். பதினோராம் நாள் அது பேசியது: தனக்குப் பீர்க்கங்காய் பிடிக்கவே பிடிக்காது, முப்பது வருசமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் வாங்கி வந்துகொண்டே இருந்தார் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நல்லவேளை சொல்லிட்டா என்று எழுந்து போனார். நான் அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் சரியாக இருந்ததா, இல்லை ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமா என்று அதுவும் எனக்குக் குழப்பம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் பொன்னுத்தாய் மைனி ஒரு ஜாக்கெட் கொண்டுவந்தாள்.

பொன்னுத்தாய் மைனி பஸ் ஸ்டாப்பில் காய்க்கடை போட்டிருப்பவள், எனக்கு அண்ணி முறை. மூன்று மகன்கள், மூன்றும் வெளியூரில். அவள் சிரித்தால் மறுகரையில் கொக்கு பறக்கும். கொண்டுவந்த ஜாக்கெட் மாம்பழ நிறத்தில் பருத்தி. இதே அளவு, சீக்கிரம் வேண்டாம், மெதுவாத் தை என்று சொல்லிவிட்டுப் போனாள். சீட்டில் பொன்னுத்தாய் என்று எழுதி மாட்டினேன்.

அன்றைக்கு ரெண்டரை மணிக்கு அது பேசியது. "எந்திரிக்க முடியல. நான் இல்லைன்னா எல்லாரும் நல்லா இருப்பாங்க."

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. மறுநாளும் அதே ரெண்டரை மணிக்கு, அதே வார்த்தை. அதற்கு மறுநாளும். மற்ற ஜாக்கெட்டுகள் அது பேசும்போது பேச்சை நிறுத்திக்கொண்டன.

சரிபண்ணுவதுதானே என் தொழில். முதலில் ஜாக்கெட்டை எடுத்து, பக்கத் தையலில் அரை இஞ்சு விட்டுப் பார்த்தேன், மூச்சு முட்டுகிறதோ என்னமோ என்று. ஏற்கனவே ரெண்டு தடவை விட்டிருந்தார்கள், மைனி உடம்பு போட்டுவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அதே வார்த்தைதான். அப்புறம் பஸ் ஸ்டாப்புக்கே போனேன். தினமும் போனேன். யாரும் தின்னாத காயெல்லாம் வாங்கினேன். என் வீட்டில் பூசணிக்காய் கட்டிலுக்கு அடியில் உருண்டது. மைனி பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, உங்களுக்கு என்ன குறை, மூன்று சிங்கக்குட்டி பெற்றிருக்கிறீர்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒருத்தன் இருக்கிறான் என்றேன். காலையில் எழுந்ததும் வெந்நீர் குடிக்கச் சொன்னேன். அவள் கண்மாய்ப் பக்கம் ஒதுங்கினால் நானும் பின்னாலேயே போனேன். ஆறாம் நாள் அவள் தராசைக் கீழே வைத்துவிட்டு, எனக்குக் கோட்டி பிடித்திருக்கிறதா என்று விசாரித்தாள். பிடித்திருந்தால் பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டுப் போய் வேப்பிலை அடித்துக்கொண்டு வரச் சொன்னாள். இப்படிச் சிரிக்கிறவளுக்குள் அப்படி ஒரு வார்த்தையா என்று எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. சிரிக்கிறவர்களை எப்படி நம்புவது?

ஒன்பதாம் நாள் தடுப்பூசி போட நர்ஸ் ஜெபமலர் வந்தாள். அவளும் என் வயசுதான், எங்கள் ஊருக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டியை வைத்துவிட்டு விட்டமின் மருந்து கொடுக்க யாழினியைத் தேடி வந்தவள், ரெண்டரை மணிக்கு என் கடையில் நின்றாள். ஜாக்கெட் பேசியதைக் கேட்டாள். ஆச்சரியப்படவில்லை. நாடி பார்க்கிற மாதிரி வாட்ச்சைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அப்புறம் பைக்குள் துழாவி ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினாள்.

"அக்கா, நானும் மூணு நாள்தான் ட்ரெயினிங் போனேன், எனக்கும் முழுசாத் தெரியாது," என்றாள். "ஆனா இதுல ஒண்ணு போட்டிருக்கு. சாகணும்னு தோணுதான்னு நேராக் கேக்கணுமாம். கேட்டா இல்லாத நினைப்பு வந்துரும்னு பயப்படக்கூடாதாம். நீங்க அவங்ககிட்ட கேட்டீங்களா?"

நான் ஒன்பது நாளாக என்னென்னவோ சொல்லியிருந்தேன். ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அப்படியே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். மைனி வெண்டைக்காய்க்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மினி பஸ்ஸுக்கு நின்ற ரெண்டு பேரும் ஏறிப் போகிற வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"மைனி, உங்களுக்குச் செத்துப்போகணும்னு தோணுதா?"

"எனக்கா? நான் செத்தா இந்த வெண்டைக்காயை எவட்டி விப்பா?"

"பொய் சொல்லாதீங்க. நீங்க குடுத்த ஜாக்கெட் ஒம்பது நாளா அதைத்தான் சொல்லுது."

மைனியின் கை வெண்டைக்காய் மேலேயே நின்றுவிட்டது. தண்ணீர் அவள் விரலிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

"ஏட்டி," என்றாள். "அது என் சட்டை இல்லையே. என்னோடதெல்லாம் நைஞ்சு போச்சுன்னு, கொடியில கிடந்த எங்க சிந்துஜா சட்டையைப் போட்டுப் பாத்தேன், கச்சிதமா இருந்துச்சு. அதைத்தான் உன்கிட்ட குடுத்தேன்."

சிந்துஜா அவளுடைய ஓரகத்தி, வெளியூரில் வேலை பார்க்கிற கொழுந்தனின் மனைவி. இருபத்திரண்டு வயசு, தூரத்து ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், மூன்று மாசக் கைக்குழந்தைக்காரி. வாயில்லாத பெண். தண்ணீர்க் குழாயில் குடத்தை வைத்துவிட்டு மற்றவர்கள் பிடித்து முடிக்கிற வரைக்கும் ஓரமாக நிற்பாள்.

ஓடும்போதுதான் என் மண்டையில் ஒவ்வொன்றாக உறைத்தது. அந்த ஜாக்கெட்டில் மேலே ரெண்டு ஹூக்கும் இழுத்து இழுத்து வாய் பிளந்திருந்ததே. பக்கத் தையலை ரெண்டு தடவை விட்டிருந்தார்களே. மார்புப் பக்கம் கஞ்சி போட்ட மாதிரி மொடமொடவென்று ஒரு கறை இருந்ததே, புளித்த வாசனையோடு. நானும் பால் கொடுத்தவள்தானே. பதினெட்டு வயசிலிருந்து தைக்கிறேன், துணியைப் பார்த்தே உடம்பைச் சொல்வேன் என்று பேசித் திரிந்தவள், ஒன்பது நாளும் சீட்டைப் பார்த்தேனே தவிர, துணியைப் பார்க்கவில்லை. மைனியும் என்கூடவே ஓடிவந்தாள். காய்க்கடையை ஆடுகளுக்கு விட்டுவிட்டு வந்தாள்.

கதவு திறந்துதான் கிடந்தது. தொட்டிலில் பிள்ளை முழித்துக்கொண்டு, அழாமல், மேலே கட்டியிருந்த கிளிப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிந்துஜா தரையில் உட்கார்ந்து, பால் மாவு டப்பாவின் மேல் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனை கரண்டி மாவு, எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு ஒரு தடவை. பிள்ளையின் சட்டைகளெல்லாம் துவைத்து மடித்து, சின்னது பெரியது என்று அடுக்கிவைத்திருந்தாள். வீடு அவ்வளவு சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் இடுப்பிலிருந்த யாழினியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மைனி வாசல்படியிலேயே வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். என்னிடம் சொல்வதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும், வெந்நீராவது இருக்கும். அன்றைக்கு வாயைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. யாழினியை இறக்கிவிட்டேன். சிந்துஜா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். டப்பா எழுத்தில் ஒரு இடத்தில் மை தீற்றியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிந்துஜா, செத்துப்போகணும்னு தோணுதா?"

அவள் பேனா மூடியைத் தேடினாள். கிடைத்ததும் மூடினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். வந்து ஒன்றரை வருசத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஆமாக்கா," என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கமாட்டேன். யாராவது கேப்பாங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அதற்கப்புறம் அவள் பேசினாள். பிள்ளையைப் பார்த்தால் பாசம் வரவில்லை என்றாள், அதை வெளியே சொன்னால் பேய் என்பார்கள் என்றாள். தூக்கம் இல்லை என்றாள். எல்லாரும் பிள்ளை யார் சாடை என்று பார்க்கிறார்களே தவிர தன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்றாள். நிறுத்தினாள், திரும்பப் பேசினாள், ஒரே விசயத்தை நாலு தடவை சொன்னாள். நாலு தடவையும் கேட்டேன். நடுவில், அப்படியெல்லாம் நினைக்காதே என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. ஊசியைக் கடித்துக்கொள்கிற மாதிரி அதைக் கடித்துக்கொண்டேன். பால்காரர் வண்டி வந்து மணி அடிக்கிற வரை அப்படியே இருந்தோம். மைனி மெதுவாக உள்ளே வந்து, தொட்டிலை ஆட்ட ஆரம்பித்தாள். விசயம் கேள்விப்பட்டு ஜெபமலர் ஸ்கூட்டியில் வந்தாள். பிள்ளை பெற்ற நிறையப் பேருக்கு இப்படி வரும், இது ஒரு நோய், மருந்து இருக்கிறது, குணமாகும் என்று மெதுவாகச் சொன்னாள். மறுநாள் அய்யனார் வேனில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களோடு சிந்துஜாவையும் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனோம்.

பொன்னுத்தாய் மைனி தன் பாயை எடுத்துக்கொண்டு போய் சிந்துஜா பக்கத்தில் விரித்தாள். பகலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காய்க்கடையில் தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவே கூடையில் படுக்கவைத்தாள். கிலோ என்ன விலை என்று கேட்காத ஆளில்லை. சிந்துஜா மாத்திரை சாப்பிட்டாள், தூங்கினாள், வாரம் ஒரு நாள் என் கடையில் வந்து உட்கார்ந்தாள். நான் சீட்டை மாற்றி சிந்துஜா என்று எழுதிவைத்திருந்தேன். ஜாக்கெட் ஒரு மாசம் அதே வார்த்தையைச் சொன்னது, அப்புறம் பாதி சொன்னது. ஒரு நாள் ரெண்டரை மணிக்கு, "இன்னைக்குப் பொன்னுத்தாய் அக்கா வச்ச குழம்புல உப்பு கூட," என்றது. சிந்துஜா அப்போது அங்கேதான் இருந்தாள். தன் ஜாக்கெட்டைப் பார்த்து, ஆமா என்றாள். அதற்கப்புறம் அது பேசவில்லை.

ஊருக்கு என்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடையை மூடச் சொல்வதா, மாலை போடுவதா என்று ரெண்டு கூட்டம் போட்டார்கள். ரெண்டு கூட்டமும் டீயோடு முடிந்தன. எனக்கும் தெரியவில்லை. சீட்டு மாறினதற்கே ஒரு உயிர் போகப் பார்த்ததே, இன்னும் எத்தனை சீட்டை நான் தப்பாகக் குத்தியிருக்கிறேனோ? இதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்று ஜெபமலர் சொன்னாள். பிளஸ் டூவோடு நின்றவள் நான். தபாலில் புத்தகம் வந்தது. மிஷின் பலகையில் புத்தகத்தை விரித்து, பாபின் பெட்டியை மேலே பாரமாக வைத்துப் படித்தேன். தமயந்தி ஸ்கூட்டியைத் துடைத்து எடுத்து என்னைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டாள். வழி நெடுக, தான் யாரிடமும் சொல்லாத இன்னொன்றைச் சொல்லிக்கொண்டே வந்தாள், அதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். மூன்று வருசப் பட்டப்படிப்பு அது, அதற்கு மேல் ஒரு வருசம் ஆலோசகர் பயிற்சி. எல்லாம் முடிந்தும் குழப்பம் மட்டும் முடியவில்லை. முன்னே எதுவும் தெரியாமல் குழம்பினேன், இப்போது எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்து குழம்புகிறேன்.

வட்டார சுகாதார நிலையத்தில் கொசு மருந்து மிஷின் வைத்திருந்த அறையைக் காலி பண்ணி எனக்குக் கொடுத்தார்கள். வாரம் மூன்று நாள். ரெண்டு நாற்காலி, ஒரு மேசை. எங்கள் ஊர்க்காரர்கள் அங்கேயும் பையில் ஜாக்கெட்டோடுதான் வருகிறார்கள். ஆம்பிளைகள் சட்டை கொண்டுவருகிறார்கள். மேசையில் விரித்துவைத்து, அதைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். என் முகத்தைப் பார்த்துப் பேச அவர்களுக்கு ரெண்டு மூன்று வாரம் ஆகும். வேண்டாம் என்று நானும் சொல்வதில்லை. மனுசர்களே பேச ஆரம்பித்த பிறகு, என் கடைச் சுவரில் ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக ஊமையாயின.

பயிற்சியின்போதே ஒரு விசயம் சொல்லியிருந்தார்கள். கேட்கிறவளுக்கும் கேட்க ஒரு ஆள் வேண்டும், நீங்கள் யாரிடம் போகிறீர்கள் என்று. எனக்கென்ன, நான் நல்லா இருக்கேன் என்று சிரித்தேன். வகுப்பே சிரித்தது. போன மாசம் சிந்துஜா தன் மகனைப் பால்வாடியில் விட்டுவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். ஹூக் கட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, யாழினி பிறந்தப்ப உங்களுக்கும் எனக்கு இருந்த மாதிரி இருந்துச்சா?"

"இல்லையே," என்றேன். கேட்டு முடிக்கும் முன்னேயே சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். சிந்துஜா அடுத்த ஹூக்கை எடுத்தாள். எனக்குத்தான், சொன்ன வார்த்தை யாருடையது என்று தெரியவில்லை. அதில் யார் சீட்டைக் குத்துவதென்று தெரியவில்லை.

மறுநாள் பெட்டியின் அடியிலிருந்து காப்பிப்பொடி நிற ஜாக்கெட் ஒன்றை எடுத்தேன். யாழினி பிறந்த வருசம் நான் எனக்கே தைத்துக்கொண்டது. என் கடைச் சுவரில் மாட்ட மனசு வரவில்லை. பஸ் ஏறி டவுனுக்குப் போய், மார்க்கெட் பின்னால் நாலு மிஷின் போட்டிருக்கிற நூர்ஜகான் அக்காவிடம் கொடுத்து, இதே அளவில் ஒன்று தைக்கவேண்டும் என்றேன். அவள் கத்தரி பிடித்து என் விரலில் விழுந்திருந்த காய்ப்பைப் பார்த்தாள், ஜாக்கெட்டின் உள் தையலைப் பார்த்தாள், பேர் எழுதி ஆணியில் மாட்டினாள்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். நாலு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஜாக்கெட் அதே ஆணியில் இருந்தது. புதுசு எதுவும் தைத்திருக்கவில்லை.

"தைக்கத் தெரிஞ்சவ தைக்கக் குடுத்தா, அது தைக்கிறதுக்கு இல்லன்னு எனக்குத் தெரியாதாம்மா," என்றாள். "நேத்து மிஷினை நிறுத்திப் பாத்தேன். பேசுச்சு."

அது எங்கள் ஊரில் மட்டும்தான், என் கடையில் மட்டும்தான் நடந்தது என்று இத்தனை வருசமாக நினைத்திருந்தேன்.

நூர்ஜகான் அக்கா லேசாகச் சிரித்தாள். "எல்லாக் கடையிலயும் பேசும். நாங்க மிஷினை நிறுத்துறதில்ல, அவ்வளவுதான்."

என்ன சொன்னது என்று கேட்டேன். அது உங்க வாயிலிருந்து வரட்டும் என்றாள். சுகாதார நிலைய மேசையில் உட்கார்ந்து நான் நூறு பேரிடம் சொன்ன அதே வார்த்தை. எனக்குச் சொன்னபோது அது எந்த மொழி என்றே புரியவில்லை. தைத்துக்கொண்டிருந்த பெண்களைச் சாப்பிடப் போகச் சொன்னாள். நாலு மிஷினையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். கடைசி மிஷினின் சக்கரம் தானாகக் கொஞ்ச நேரம் சுற்றி நின்றது. அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள். பத்து வருசத்தில் அந்த மாதிரி ஸ்டூலில் நான் உட்கார்ந்ததே இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? பிள்ளை அழும்போது மிஷினை இன்னும் வேகமாக மிதித்ததிலிருந்தா? மிஷின் ஓடினால் எதுவும் கேட்காது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்ததிலிருந்தா?

"எழுபது பாவாடை," என்றேன். "ஒரே மாசத்துல."

நூர்ஜகான் அக்கா அடேயப்பா என்று சொல்லவில்லை.